சர்வீஸ் கால் சொதப்புதா? நேரடி ரெஃபரன்ஸா, ப்ராக்ஸியான்னு பார்த்து பிழையைப் பிடிக்கிற வழி

ஒரு சர்வீஸ்ல இருந்து இன்னொன்னை கூப்பிடுறப்ப கோட்ல ஒரே ஒரு வரிதான் இருக்கும். அந்த வரியை வச்சு எதிர்ப்பக்கம் இருக்கிறது அசல் ஆளா இல்ல அவருக்காக நிக்கிற பிரதிநிதியான்னு சொல்லவே முடியாது, ரெண்டுக்கும் கோட் ஒரே மாதிரிதான் இருக்கும். டிஸ்ட்ரிபியூட்டட் சிஸ்டம்ல (பல மெஷின்ல பிரிஞ்சு ஓடுற சாஃப்ட்வேர்) நிறைய பேர் நாள் கணக்கா தேடுற பிழைகள்ல பாதிக்கு மேல இந்த ஒரு கேள்வியை முதல்லயே கேட்காததாலதான் இழுக்குதுங்கறது என் அபிப்பிராயம். அதனால கீழ அறிகுறி வாரியா எழுதியிருக்கேன், உங்களுக்கு எது பொருந்துதோ அங்க நேரா போங்க, ஆனா முதல் பகுதியை மட்டும் எல்லாரும் படிச்சிடுங்க.

கையில இருக்கிறது எது?

நேரடி ரெஃபரன்ஸ்னா குறிப்பிட்ட ஒரு ஆளைச் சுட்டுறது: ஒரு ஐபி-போர்ட், மெமரில இருக்கிற ஒரு ஆப்ஜெக்ட், ஏற்கனவே திறந்து வச்ச டிசிபி கனெக்ஷன், எர்லாங் மொழில ஒரு பிஐடி (ப்ராசஸோட அடையாளம்). ப்ராக்ஸின்னா நடுவுல ஒருத்தர் நின்னு யார்கிட்ட அனுப்பணும்னு முடிவு பண்றது: ஆர்எம்ஐ (ஜாவால வேற மெஷின்ல இருக்கிற ஆப்ஜெக்ட்டை கூப்பிடுற வழி) ஸ்டப், ஜாவா ஃபிரேம்வொர்க்கான ஸ்பிரிங் சுத்தி வைக்கிற ராப்பர், என்ஜின்எக்ஸ் (வெப் சர்வர்-ப்ராக்ஸி), என்வாய் சைட்கார் (ஆப் பக்கத்துலயே ஓடுற ப்ராக்ஸி), குபர்நெட்டிஸ் (கன்டெய்னர்களை நிர்வகிக்கிற சிஸ்டம்) சர்வீஸோட கிளஸ்டர் ஐபி. இதுல ஒரு சிக்கல், ப்ராக்ஸியும் உள்ளுக்குள்ள ஒரு நேரடி ரெஃபரன்ஸைத்தான் பிடிச்சு வச்சிருக்கும். அதனால "நான் பேரைத்தானே கொடுத்திருக்கேன், ஐபி எங்கயும் எழுதலையே"ன்னு நிம்மதியா இருந்துடாதீங்க.

முதல் டெஸ்ட் எப்பவும் ஒன்னுதான்: ப்ராக்ஸியை சுத்திக்கிட்டு அசல் ஆள்கிட்ட நேரா போய்ப் பாருங்க. கர்ல்ல (ரிக்வெஸ்ட் அனுப்பிப் பார்க்கிற கமாண்ட்) ரிசால்வ்னு ஒரு ஆப்ஷன் இருக்கு, ஹோஸ்ட் நேம் மாறாம எந்த ஐபிக்கு போகணும்னு நீங்களே சொல்லலாம், டிஎல்எஸ் சர்டிஃபிகேட்டும் தகராறு பண்ணாது. குபர்நெட்டிஸ்ல இருந்தா தற்காலிகமா ஒரு பாட் (ஆப்போட கன்டெய்னர் ஓடுற சின்ன யூனிட், அதுக்குன்னு தனி ஐபி உண்டு) ஏத்தி, அதுக்குள்ள இருந்து முதல்ல பாட் ஐபிக்கு ஒரு கால், அப்புறம் சர்வீஸ் பேருக்கு ஒரு கால் போடுங்க. ரெண்டும் வேலை செஞ்சா கோளாறு கூப்பிடுற கிளையன்ட் பக்கம். பாட் ஐபி ஓகே, சர்வீஸ் பேர் ஓகே இல்லன்னா லேபிள் செலக்டர் (எந்த பாட்கள்னு தேர்ந்தெடுக்கிறது), டார்கெட் போர்ட், ரெடினஸ் ப்ரோப் (பாட் தயாரான்னு பார்க்கிற சோதனை) இந்த மூணுல ஒன்னு, எண்ட்பாயின்ட்ஸ்லைஸ் (சர்வீஸுக்கு பின்னாடி இருக்கிற பாட்களோட பட்டியல்) காலியா இருக்கான்னு பார்த்தாலே பாதி தெரிஞ்சிடும்.

இந்த இடத்துல போர்ட்-ஃபார்வர்ட் (உங்க லேப்டாப் போர்ட்டை கிளஸ்டருக்குள்ள இணைக்கிறது) பண்ணி டெஸ்ட் பண்ணாதீங்க. குபர்நெட்டிஸோட கமாண்ட் கியூப்சிடிஎல்ல சர்வீஸ் பேரைக் கொடுத்து போர்ட்-ஃபார்வர்ட் போட்டாலும் அது சர்வீஸ் வழியா போகாது, பின்னாடி இருக்கிற பாட்ல ஏதோ ஒன்னை எடுத்து அதுகூட நேரா ஒட்டிக்கும், அதுவும் அந்த பாட்டோட லோக்கல்ஹோஸ்ட்டுக்குத்தான் போகும். அதனால உங்க ஆப் 127.0.0.1ல மட்டும் லிசன் பண்ணிட்டு இருந்தா போர்ட்-ஃபார்வர்ட்ல அழகா பதில் வரும், சர்வீஸ் வழியா வந்தா கனெக்ஷன் ரெஃப்யூஸ்ட். "என் லேப்டாப்ல இருந்து வேலை செய்யுது, கிளஸ்டருக்குள்ள இருந்து வேலை செய்யல"ன்னு யாராவது சொன்னா நான் முதல்ல பார்க்கிறது இதைத்தான். ஆப்பை 0.0.0.0ல லிசன் பண்ண வச்சா முடிஞ்சது.

அறிகுறி: டெப்ளாய் அல்லது ஃபெயில்ஓவர் ஆனதும் சில கிளையன்ட் மட்டும் ஃபெயில், ரீஸ்டார்ட் பண்ணா சரி

ரீஸ்டார்ட் பண்ணா சரியாகுதுன்னா யாரோ ஒருத்தர் பழைய ரெஃபரன்ஸைப் பிடிச்சுட்டு இருக்காங்க, வீடு மாறிப் போனவரை பழைய அட்ரஸ்ல போய் தேடுற மாதிரி. எர்ரர் என்னன்னு கவனமா படிங்க. கனெக்ஷன் ரெஃப்யூஸ்ட்னா அந்த ஐபில மெஷின் உயிரோட இருக்கு, அந்த போர்ட்ல கேட்க ஆள் இல்ல. டைம்அவுட்னா பெரும்பாலும் அந்த ஐபியே காலி, இல்ல ஃபயர்வால் சத்தமில்லாம பாக்கெட்டை விழுங்குது. இதைவிட மோசமானது 404 வர்றது, ஏன்னா அந்த ஐபி இப்ப வேற ஒரு சர்வீஸோட பாட்டுக்கு போயிருக்கலாம், நீங்க சம்பந்தமே இல்லாத ஆள்கிட்ட பேசிட்டு இருக்கீங்க.

எங்க எங்க பழசு ஒட்டிக்கும்னு வரிசையா பார்க்கலாம்.

ஜேவிஎம் (ஜாவா ப்ரோக்ராம் ஓடுற சூழல்) டிஎன்எஸ் (பேருக்கு ஐபி சொல்றது) பதிலை தானே கேஷ் பண்ணும், டிஎன்எஸ் ரெக்கார்டோட டிடிஎல்லை (அந்தப் பதில் எவ்வளவு நேரம் செல்லும்ங்கறதை) மதிக்காது. செக்யூரிட்டி மேனேஜர் இல்லன்னா டிஃபால்ட் 30 செகண்ட், செக்யூரிட்டி மேனேஜரோட ஓடுற பழைய செட்டப்னா ப்ராசஸ் சாகுற வரைக்கும் அதே ஐபிதான். நெட்வொர்க் அட்ரஸ் கேஷ் டிடிஎல்னு ஒரு செக்யூரிட்டி ப்ராப்பர்ட்டி இருக்கு, அதுல மைனஸ் 1ன்னு (எப்பவுமே மறக்காதேன்னு அர்த்தம்) யாராவது போட்டு வச்சிருக்காங்களான்னு பாருங்க.

என்ஜின்எக்ஸ்ல ப்ராக்ஸி பாஸ்ல நேரா ஹோஸ்ட் நேம் எழுதியிருந்தா ஸ்டார்ட் ஆகுறப்பவும் ரீலோட் ஆகுறப்பவும் மட்டும்தான் அதை ரிசால்வ் பண்ணும். நடுவுல பின்னாடி சர்வீஸோட ஐபி மாறினா என்ஜின்எக்ஸுக்கு தெரியவே தெரியாது. ரிசால்வர் டைரக்டிவ் போட்டு, ஹோஸ்ட் நேமை ஒரு வேரியபிள்ல வச்சு ப்ராக்ஸி பாஸ்க்கு கொடுத்தா ஓடிட்டு இருக்கிறப்பவே திரும்ப ரிசால்வ் பண்ணும். 1.27.3ல இருந்து ஓப்பன் சோர்ஸ் பதிப்புலயே அப்ஸ்ட்ரீம் சர்வர் வரிக்கு ரிசால்வ்னு பாராமீட்டர் வந்திடுச்சு, புது வெர்ஷன்ல இருந்தா அதுதான் சுத்தமான வழி.

அப்புறம் கனெக்ஷன் பூல், அதாவது திரும்பத் திரும்ப பயன்படுத்த திறந்தே வச்சிருக்கிற கனெக்ஷன்கள். டிஎன்எஸ் எல்லாம் சரியா மாறியிருக்கும், ஆனா பூல்ல இருக்கிற கனெக்ஷன் ஏற்கனவே திறந்தாச்சு, அதுக்கு டிஎன்எஸ் ஒரு பொருட்டே இல்ல. டேட்டாபேஸ் ஃபெயில்ஓவர் ஆனதும் எழுதுறப்ப மட்டும் "ரீட்-ஒன்லி"ன்னு எர்ரர் வருதுன்னா இதுதான், பழைய பிரைமரி இப்ப ரெப்ளிகாவா மாறி உயிரோடதான் இருக்கு, படிக்க விடுது, எழுத விடல. ஹிகாரில (ஜாவால பயன்படுத்துற டேட்டாபேஸ் கனெக்ஷன் பூல்) மேக்ஸ் லைஃப்டைம் டிஃபால்ட்டா 30 நிமிஷம், அதாவது மோசமான நிலைமைல அரை மணி நேரம் தப்பான ஆள்கிட்ட பேசலாம். அதைக் குறைங்க, ரீட்-ஒன்லி எர்ரர் வந்தா அந்த கனெக்ஷனை பூல்ல திரும்ப விடாம தூக்கிப் போடுற மாதிரியும் செட் பண்ணுங்க.

அறிகுறி: முதல் கனெக்ஷன் ஓகே, அடுத்த கால் மட்டும் புரியாத ஒரு அட்ரஸுக்கு போய் ஃபெயில்

இது பார்க்க ரொம்ப விசித்திரமா இருக்கும். நீங்க ரிமோட் சர்வரோட அட்ரஸ் கொடுத்திருப்பீங்க, எர்ரர்ல "127.0.1.1க்கு கனெக்ஷன் ரெஃப்யூஸ்ட்"னு வரும். ஆர்எம்ஐல வர்ற பழைய ஆளு இது. ரெஜிஸ்ட்ரிகிட்ட கேட்டா அது ஒரு ஸ்டப் கொடுக்கும், அந்த ஸ்டப்புக்குள்ள சர்வர் தன்னைப் பத்தி நினைச்சுட்டு இருக்கிற அட்ரஸ் புதைஞ்சிருக்கும். டெபியன் வகை மெஷின்ல /etc/hosts ஃபைல்ல மெஷின் பேருக்கு 127.0.1.1னு இருக்கும், சர்வர் அதையே தன் அட்ரஸ்னு நம்பி ஸ்டப்ல எழுதி உங்க கையில கொடுத்திடுது, நீங்க அதை வச்சு உங்க மெஷினையே தட்டுறீங்க. சர்வர் பக்கம் ஜாவா ஆர்எம்ஐ சர்வர் ஹோஸ்ட்நேம் ப்ராப்பர்ட்டில கிளையன்ட்டுக்கு எட்டுற பேரைக் கொடுங்க. கிளையன்ட் பக்கம் எதை மாத்தினாலும் பிரயோஜனம் இல்ல, தப்பு எழுதப்பட்டது சர்வர்ல.

இதே கதைதான் காஃப்கால (மெசேஜ் சேமிச்சு அனுப்புற சிஸ்டம், அதோட சர்வர் பேர் ப்ரோக்கர்) நடக்குது. கிளையன்ட் முதல்ல போற பூட்ஸ்ட்ராப் அட்ரஸ் வெறும் விசாரணை கவுண்டர். அங்க போய் மெட்டாடேட்டா கேட்டா எந்த பார்ட்டிஷனுக்கு (டேட்டாவோட ஒரு துண்டு) எந்த ப்ரோக்கர் லீடர்னு பட்டியல் வரும், அதுல இருக்கிறது அட்வர்டைஸ்ட் லிசனர்ஸ்ல எழுதின அட்ரஸ். அங்க கன்டெய்னரோட உள் பேர் இருந்தா வெளியில இருந்து வர்ற கிளையன்ட் கனெக்ட் ஆன மாதிரி காட்டி, மெசேஜ் அனுப்புறப்ப தொங்கும். "முன்னாடி ஒரு லோட் பேலன்சர் வச்சிடலாமே"ன்னு தோணும், வேலைக்கு ஆகாது, ஏன்னா கிளையன்ட் கண்டிப்பா லீடர்கிட்டயே நேரா போகணும், ஏதோ ஒரு ப்ரோக்கர் போதாது. உள்ளுக்கு ஒரு லிசனர், வெளிக்கு ஒரு லிசனர்னு ரெண்டு வச்சு ரெண்டுக்கும் தனித்தனி அட்வர்டைஸ்ட் அட்ரஸ் கொடுங்க. மாங்கோடிபி ரெப்ளிகா செட், ரெடிஸ் கிளஸ்டர் எல்லாம் இதே குடும்பம்தான், சர்வரே கிளையன்ட் கையில நேரடி ரெஃபரன்ஸை எடுத்துக் கொடுக்கிற டிசைன். இப்படிப்பட்டதுக்கு முன்னாடி ப்ராக்ஸி வைக்கணும்னா அந்த ப்ரோட்டோகாலைப் புரிஞ்ச ப்ராக்ஸியா இருக்கணும், இல்லன்னா வைக்கவே வேண்டாம்.

அறிகுறி: பத்து பாட் ஓடுது, ஒன்னு மட்டும் சிபியு எகிறுது

ஜிஆர்பிசி (ஒரு சர்வீஸ் இன்னொன்னை கூப்பிடுற ஒரு முறை) பயன்படுத்துறீங்களா? அப்ப கிட்டத்தட்ட நிச்சயமா இதுதான். குபர்நெட்டிஸ் சர்வீஸ் ஐபிக்கு பின்னாடி கியூப்-ப்ராக்ஸி (கனெக்ஷனை எந்த பாட்டுக்கு அனுப்பணும்னு பிரிக்கிறது) முடிவெடுக்கிறது கனெக்ஷன் தொடங்குறப்ப மட்டும், ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டுக்கும் இல்ல. சாதாரணமா குட்டி குட்டி கனெக்ஷன் நிறைய வந்தா அது பரவலா பிரிஞ்சிடும். ஆனா ஜிஆர்பிசி ஹெச்டிடிபி 2 மேல ஓடுது, ஒரே கனெக்ஷனைத் திறந்து எல்லா ரிக்வெஸ்ட்டையும் அதுக்குள்ளயே அனுப்பும், அதனால முதல்ல எந்த பாட் மாட்டுச்சோ அது தலையிலயே எல்லாம் விழும். ஆட்டோஸ்கேலர் புது பாட் ஏத்திக்கிட்டே இருக்கும், அதுங்க சும்மா உட்கார்ந்திருக்கும். பேருக்கு ப்ராக்ஸி வழியா போறீங்க, நடைமுறைல உங்க கையில இருக்கிறது நேரடி ரெஃபரன்ஸ். உறுதி பண்ண ஒவ்வொரு பாட்லயும் ss கமாண்ட் போட்டு எஸ்டாப்ளிஷ்ட் கனெக்ஷன் எத்தனைன்னு பாருங்க, ஒன்னுல கொத்தா இருக்கும், மத்ததுல பூஜ்யம்.

ரெண்டு வழி இருக்கு. ஒன்னு, ரிக்வெஸ்ட் லெவல்ல புரிஞ்சுக்கிற ப்ராக்ஸி வைக்கிறது, என்வாய் இல்ல லிங்கர்டி மாதிரி. இன்னொன்னு முழுசா நேரடிப் பக்கம் போறது, அதாவது கிளஸ்டர் ஐபிக்கு None-னு போட்டு ஹெட்லெஸ் சர்வீஸ் (பொது ஐபி இல்லாத சர்வீஸ்) ஆக்கினா டிஎன்எஸ் எல்லா பாட் ஐபியையும் கொடுக்கும், கிளையன்ட்ல ரவுண்ட் ராபின் பாலிசி செட் பண்ணுங்க. செட் பண்ணாம விட்டா ஜிஆர்பிசியோட டிஃபால்ட் பிக் ஃபர்ஸ்ட், பட்டியல்ல ஒன்னைப் பிடிச்சுக்கிட்டு அதோடயே இருந்திடும், ஹெட்லெஸ் ஆக்கினதுக்கு பலனே இல்லாம போகும். அப்புறமும் ஒன்னு மிச்சம் இருக்கு, புதுசா பாட் ஏத்தினா கிளையன்ட்டுக்கு அது தெரியாது, இருக்கிற கனெக்ஷன் உடைஞ்சாதான் அது திரும்ப டிஎன்எஸ் கேட்கும். அதனால சர்வர் பக்கம் மேக்ஸ் கனெக்ஷன் ஏஜ் சில நிமிஷம்னு வச்சிடுங்க, கனெக்ஷன் மரியாதையா மூடும், கிளையன்ட் புதுப் பட்டியலை வாங்கிக்கும். சர்வீஸ் கொஞ்சமா இருக்கிற டீமுக்கு நான் இந்த ரெண்டாவது வழியைத்தான் சொல்லுவேன், ஒரு முழு மெஷ்ஷை (எல்லா சர்வீஸ் பக்கத்துலயும் ப்ராக்ஸி வைக்கிற அமைப்பு) கட்டி மேய்க்கிறதைவிட இது எவ்வளவோ எளிசு. பல மொழில எழுதின சர்வீஸ் நிறைய இருந்தா மட்டும் மெஷ் பக்கம் போங்க.

அறிகுறி: எப்பவாவது ஒரு 502, பேக்கெண்ட் லாக்ல ஒன்னுமே இல்ல

502, 503, 504 வந்தா முதல் கேள்வி, பேசினது யாரு? பேக்கெண்டா, நடுவுல நிக்கிற ப்ராக்ஸியா? பேக்கெண்ட் லாக்ல அந்த ரிக்வெஸ்ட் ஐடியே இல்லன்னா பேசினது ப்ராக்ஸி. என்வாய்னா ஆக்சஸ் லாக்ல ரெஸ்பான்ஸ் ஃபிளாக் இருக்கும், UFனா கனெக்ட் ஆக முடியல, UHனா ஆரோக்கியமான பேக்கெண்டே இல்ல, UTன்னா டைம்அவுட், NRனா ரூட்டே கிடைக்கல. இதைப் படிச்சுப் பழகிட்டா பாதி நேரம் மிச்சம்.

தூவலா வர்ற 502க்கு பெரும்பாலும் காரணம் கீப்-அலைவ் (சும்மா இருக்கிற கனெக்ஷனை எவ்வளவு நேரம் திறந்து வைக்கணும்ங்கறது) பொருத்தமில்லாம இருக்கிறது. நோட் (Node.js) சர்வரோட கீப்-அலைவ் டைம்அவுட் பல வெர்ஷன்களா டிஃபால்ட் 5 செகண்ட், முன்னாடி நிக்கிற அமேசானோட லோட் பேலன்சர் ஏஎல்பியோட ஐடில் டைம்அவுட் டிஃபால்ட் 60 செகண்ட். ப்ராக்ஸி "இந்த கனெக்ஷன் இன்னும் நல்லாத்தான் இருக்கு"ன்னு நினைச்சு ரிக்வெஸ்ட்டை அனுப்புற அதே நொடில பேக்கெண்ட் 5 செகண்ட் ஆச்சுன்னு மூடிட்டு இருக்கும், ரெண்டும் வழில குறுக்க வரும், பேக்கெண்ட் ரீசெட் அனுப்பும், ப்ராக்ஸி 502 சொல்லும். ஆப் கோட் வரைக்கும் ரிக்வெஸ்ட் போகவே இல்ல, அதான் லாக் சுத்தமா இருக்கு. டிராஃபிக் அதிகமா இருக்கிறப்ப இது குறையும், கம்மியா இருக்கிறப்பதான் கூடும், அதை வச்சே சந்தேகப்படலாம். ப்ராக்ஸி இல்லாம நேரா பேசுற கிளையன்ட்டா இருந்தா இதே விஷயம் "சாக்கெட் ஹேங் அப்"னு வரும். சரி பண்ண, மூடுற உரிமையை முன்னாடி நிக்கிறவர்கிட்ட விடணும்: பேக்கெண்ட் டைம்அவுட்டை 65 செகண்ட் மாதிரி ப்ராக்ஸியோடதைவிட பெருசா வைங்க, நோட்ல ஹெடர்ஸ் டைம்அவுட்டை அதுக்கும் மேல வைங்க.

504ஆ இருந்தா எத்தனை செகண்ட்ல வருதுன்னு அளந்து பாருங்க. சரியா 60லன்னா என்ஜின்எக்ஸ் ப்ராக்ஸி ரீட் டைம்அவுட், சரியா 15லன்னா என்வாய் ரூட் டைம்அவுட் (என்வாயை வச்சு ஓடுற மெஷ்ஷான இஸ்டியோ மேல ஓட்டினா அந்த 15 டிஃபால்ட்டா ஆஃப்ல இருக்கும்). முழு எண்ல வந்து நிக்குதுன்னாலே அங்க ஒரு டைமர் இருக்கு.

அறிகுறி: ஒரே ஆர்டர் ரெண்டு தடவை பதிவாகுது

டைம்அவுட்னா வேலை நடக்கலன்னு அர்த்தம் இல்ல, பதில் வந்து சேரலன்னு மட்டும்தான் அர்த்தம். நேரடி கால்ல ரீட்ரை பண்றதா வேண்டாமான்னு நீங்க முடிவு பண்றீங்க, ப்ராக்ஸி வச்சா உங்களைக் கேட்காமலே அதுவும் பண்ணலாம். இஸ்டியோ டிஃபால்ட்டா ரெண்டு தடவை ரீட்ரை பண்ணும். என்ஜின்எக்ஸ் 1.9.13ல இருந்து போஸ்ட் மாதிரி ரிக்வெஸ்ட்டை அனுப்பினதுக்கு அப்புறம் வேற சர்வருக்கு மாத்தி அனுப்புறதில்ல, நீங்களா நான்-ஐடெம்போடென்ட்னு (non_idempotent) எழுதினா மட்டும் அனுப்பும், அந்த வார்த்தை கான்ஃபிக்ல எங்கயாவது இருக்கான்னு தேடுங்க. மூணு அடுக்கு, ஒவ்வொன்னும் மூணு முயற்சின்னு இருந்தா கடைசில இருக்கிற டேட்டாபேஸுக்கு ஒரு கிளிக்குக்கு 27 கால் போகும், ஏற்கனவே மூச்சு திணறிட்டு இருக்கிற சர்வீஸ் அதுலயே படுத்திடும். ரீட்ரையை ஒரே ஒரு அடுக்குல வைங்க. எழுதுற கால் எல்லாத்துக்கும் ஐடெம்போடென்சி கீ (இது ஏற்கனவே பண்ண ரிக்வெஸ்ட்தான்னு கண்டுபிடிக்க உதவுற தனி அடையாளம்) அனுப்புங்க, சர்வர் அதை டேட்டாபேஸ்ல யூனிக் கன்ஸ்ட்ரெயின்ட் போட்டு சேமிக்கட்டும், மெமரி கேஷ்ல வச்சா அடுத்த பாட்டுக்கு வர்ற ரீட்ரைக்கு அது தெரியாது.

அறிகுறி: ரீட்ரை, டிரான்சாக்ஷன் அனோட்டேஷன் போட்டாச்சு, எதுவுமே நடக்கல

ஸ்பிரிங்ல இது தினமும் யாரையாவது பிடிக்குது. அந்த அனோட்டேஷனை (மெத்தட் மேல எழுதுற குறிப்பை) படிச்சு வேலை செய்றது வெளிய நிக்கிற ப்ராக்ஸி. அதே கிளாஸுக்குள்ள ஒரு மெத்தட்ல இருந்து இன்னொன்னை கூப்பிட்டா திஸ் (this) வழியா போகுது, திஸ்ங்கறது அசல் ஆப்ஜெக்ட்டோட நேரடி ரெஃபரன்ஸ், ப்ராக்ஸிக்கு இப்படி ஒரு கால் நடந்ததே தெரியாது. டீபக்கர்ல ஸ்டேக் டிரேஸைப் பாருங்க, நடுவுல ப்ராக்ஸி, இன்டர்செப்டர்னு எந்த ஃபிரேமும் இல்லன்னா உறுதி. அந்த மெத்தடை வேற ஒரு பீனுக்கு (ஸ்பிரிங் உருவாக்கி நிர்வகிக்கிற ஆப்ஜெக்ட்) மாத்திடுங்க, தன்னைத்தானே இன்ஜெக்ட் பண்றது வேலை செஞ்சாலும் அடுத்து படிக்கிறவங்களுக்கு குழப்பம். அக்கா (Akka) லைப்ரரில ஒரு ஆக்டர் (மெசேஜ் வாங்கி ஒவ்வொன்னா வேலை செய்ற ஆப்ஜெக்ட்) தன்னோட திஸ்ஸை வெளிய கொடுத்திடுறதும் இதே வகை, ஆக்டர் ரெஃப் கொடுத்தாதான் மெயில்பாக்ஸ் வழியா ஒவ்வொன்னா வரும், திஸ் கொடுத்தா எல்லா த்ரெட்டும் உள்ள நுழைஞ்சிடும்.

அறிகுறி: டெஸ்ட்ல சரி, ரிமோட் ஆக்கினா டேட்டா மாறல, இல்ல பயங்கர ஸ்லோ

ஒரே ப்ராசஸுக்குள்ள ஒரு லிஸ்ட்டை அனுப்பினா எதிர்ப்பக்கம் அதுல சேர்க்கிறது உங்க லிஸ்ட்லயும் தெரியும். ரிமோட் ப்ராக்ஸி வழியா போனா சீரியலைஸ் ஆன நகல்தான் போகுது, அங்க என்ன சேர்த்தாலும் உங்களுக்கு வராது, எர்ரரும் வராது. ஆர்க்யூமென்ட்டை மாத்தி பதில் சொல்ற மெத்தடையெல்லாம் ரிட்டர்ன் வேல்யூவா மாத்துங்க. ஸ்லோவுக்கு காரணம் அநேகமா லூப்புக்குள்ள இருக்கிற கால், ஒரு கால் 2 மில்லிசெகண்ட்னா 500 ஐட்டத்துக்கு ஒரு முழு செகண்ட். டிரேஸ்ல (ஒரு ரிக்வெஸ்ட் போன வழியோட பதிவு) ஒரே பேர்ல படிக்கட்டு மாதிரி ஸ்பான் (ஒவ்வொரு கால்க்கும் வர்ற கோடு) இறங்கினா இதுதான், மொத்தமா ஒரே கால்ல வாங்குற மாதிரி ஒரு மெத்தட் எழுதுங்க. ஜாவாவோட ஈஜேபி 1998ல வந்தப்ப எல்லா காலும் ரிமோட்னுதான் இருந்தது, இந்த வலி தாங்காமதான் 2001ல வந்த 2.0ல லோக்கல் இன்டர்ஃபேஸ்னு தனியா ஒன்னு கொண்டு வந்தாங்க.

அறிகுறி: கால் அப்படியே உறைஞ்சு, சரியா 5 நிமிஷம் கழிச்சு சர்வீஸ் அன்அவைலபிள்

ஓஎஸ்ஜிஐ (ஜாவா ஆப்பை பண்டில்னு சின்ன மாட்யூல்களா பிரிக்கிற அமைப்பு) ப்ளூப்ரின்ட் பயன்படுத்துறவங்களுக்கு மட்டும். பின்னாடி சர்வீஸ் பண்டில் போயிடுச்சுன்னா ப்ளூப்ரின்ட் கொடுக்கிற ப்ராக்ஸி அது திரும்ப வரும்னு காத்திருக்கும், டிஃபால்ட் 3,00,000 மில்லிசெகண்ட். த்ரெட் டம்ப் எடுத்தா காத்திருக்கிறது நேரா தெரியும். டைம்அவுட்டைக் குறைங்க, இல்லன்னா ஓஎஸ்ஜிஐலயே இருக்கிற இன்னொரு வழியான டிக்ளரேட்டிவ் சர்வீசஸ்க்கு மாறுங்க, அது நேரடி ரெஃபரன்ஸ் கொடுக்கும், கட்டாயம் தேவைப்படுற சர்வீஸ் போயிட்டா உங்க காம்பொனென்ட்டையே டீஆக்டிவேட் பண்ணிடும். நீங்க அந்த ரெஃபரன்ஸை ஸ்டாட்டிக் ஃபீல்ட்ல ஒளிச்சு வைக்காத வரைக்கும் இதுதான் பாதுகாப்பு.

அறிகுறி: எல்லா யூசரும் ஒரே ஐபில இருந்து வர்ற மாதிரி தெரியுது, ரேட் லிமிட் எல்லாரையும் சேர்த்து அடைக்குது

ப்ராக்ஸி வச்சதும் பேக்கெண்டுக்கு தெரியுற ஐபி ப்ராக்ஸியோடது. எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார் ஹெடரை (ரிக்வெஸ்ட் எந்த எந்த ஐபி வழியா வந்ததுங்கற பட்டியல்) படிக்கணும், ஆனா அதை யார் வேணா எழுதி அனுப்பலாம், அதனால உங்க ப்ராக்ஸியோட ஐபி ரேஞ்சை நம்பகமானதுன்னு பட்டியல் போட்டுட்டு, வலது கடைசில இருந்து இடது பக்கமா வந்து பட்டியல்ல இல்லாத முதல் ஐபியை எடுங்க. இடது ஓரத்துல இருக்கிறதை அப்படியே எடுத்தா ஒரு ஹெடரை மாத்தி மாத்தி அனுப்பியே ஒருத்தர் உங்க ரேட் லிமிட்டைத் தாண்டிடுவார். குபர்நெட்டிஸ்ல வெளில இருந்து லோட் பேலன்சர் வழியா வர்றதா இருந்தா எக்ஸ்டர்னல் டிராஃபிக் பாலிசியை லோக்கல்னு மாத்தினா நோடுக்கு (பாட்கள் ஓடுற மெஷின்) வந்து சேர்ற சோர்ஸ் ஐபி மாறாம பாட் வரைக்கும் போகும், ஆனா பாட் இல்லாத நோடுக்கு வர்ற டிராஃபிக் விழுந்திடும், லோட் பேலன்சரோட ஹெல்த் செக் அந்த நோடுகளை ஒதுக்குதான்னு பார்த்துட்டு மாத்துங்க.